சிவப்பு வண்டிக்கு ஐந்தாம் கியர்

1982 ஜூலை 5, திங்கள்

காலையிலிருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி இரண்டு தடவை பசறை ரோட்டுக்குப் போய்விட்டது. பஸ்காரர் ஒருவர் நிறுத்தி எடுத்துக் கொடுத்தார். வாயெல்லாம் புழுதி.

தைக்க வேண்டியவை: மொஹிதீன் நானாவின் பிள்ளைகளுக்குப் பெருநாள் கவுன்கள். கோயில் ஐயர் வீட்டு ரவிக்கை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கழுத்து மாற்ற. ஒன்றையும் தொடவில்லை.

காரணம், கியர்பாக்ஸ் வந்துவிட்டது. நானா தன் மோட்டார் சாமான் கடை வேனில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கராஜ் வாசலில் இறக்கினார். நோன்பு முகம், வாடிக் கிடந்தது. ஆனாலும் குரலில் ஒரு குறையும் இல்லை.

"மாணிக்கம் பாஸ், கேட்ட சாமான் வந்திட்டுது. ஜப்பான் வண்டியில கழட்டினது. வண்டி முன்னுக்கு நசுங்கித்தான் ஈக்குது, இதுல ஒரு கீறல் இல்ல."

வீட்டுக்காரர் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்தார். கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். சாக்கைப் பிரித்ததும் வலது கையால் தடவிப் பார்த்தார், மாட்டைத் தடவுகிற மாதிரி.

"அஞ்சு கியர்," என்றார். இன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

இரவுச் சாப்பாடு ரொட்டி, சம்பல். இரண்டு ரொட்டி சாப்பிட்டார். வழக்கமாக ஒன்று.

ஜூலை 6, செவ்வாய்

காற்று அப்படியே. ஐயர் வீட்டு ரவிக்கை முடிந்தது.

இந்த வேலை எதற்கு என்று எனக்கே எழுதிவைக்கிறேன். நடுவில் கோபம் வந்தால் படித்துப் பார்க்கலாம்.

வண்டி இங்கிலீஷ் வண்டி. சிவப்பு. இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. மடுல்சீமைத் தோட்டத்தில் இவர் பங்களா டிரைவர், பாக்டரி மெக்கானிக், இரண்டும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, வண்டிக்குச் சொந்தக்காரரான வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போனார். இவரைத் தவிர யாராலும் அதை ஸ்டார்ட் பண்ண முடியாது என்று சொல்லி இவரிடமே விட்டுவிட்டுப் போனார். நாங்கள் பதுளைக்கு இறங்கி வந்து கராஜ் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது வெளியே வரும். எனக்கு அது சக்களத்தி என்று எல்லோரிடமும் சொல்லுவேன், சிரிப்பார்கள்.

பழைய கியர்பாக்ஸுக்கு நாலு கியர். (இனி கி.பா. கை நோகிறது.) வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் லேசில் விழாது. கிளச்சை ஒரு தடவை மிதித்து, விட்டு, அக்சிலேட்டரைக் கொடுத்து, மறுபடி மிதித்தால்தான் விழும். மடுல்சீமை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவு வந்தால் முதல் கியர் இல்லாமல் முடியாது.

பொங்கல் கழிந்து இவருக்குப் பாரிசவாதம். இடது பக்கம். கால் ஓரளவு திரும்பிவிட்டது, கம்பை ஊன்றி நடக்கிறார். கை திரும்பவில்லை. விரல்கள் மூடும், திறக்காது. நம் நாட்டு வண்டியில் கிளச், கியர் இரண்டும் இடது பக்கத்து வேலை. இடது கால் ஒரு தடவை மிதிக்கும். சட்டென்று இரண்டாம் தடவை மிதிக்கச் சொன்னால் கேட்காது. ஜப்பான் கி.பா.வுக்கு ஒரு மிதி போதுமாம், எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுமாம். அதுதான் விஷயம்.

டொக்டர் வண்டியே ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையும் எழுதத்தான் வேண்டும். இந்த ரோட்டு டிரைவர்மார் ஒருவன் செத்தான் என்று சொல்வதில்லை. வளைவில் திருப்பாமல் பள்ளத்தில் விழுந்தவனை "நேரா போயிட்டான்" என்பார்கள். கராஜில் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், இவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சொன்னார்: "சரசு, நானும் ஒரு நாளைக்கு நேரா போயிர்றேன். ஒனக்கும் கஷ்டம் இல்ல."

அன்றிலிருந்து வண்டிச் சாவி என் தையல் மெஷின் லாச்சியில், நூல்கட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. இவர் கேட்கவே இல்லை. இப்போது கி.பா. கேட்டு வாங்கியிருக்கிறார். ஓட்டுகிற ஆசையா, போகிற ஆசையா, எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயம்.

ஜூலை 8, வியாழன்

புழுதி. தண்ணீர் காலையில் மட்டும் வந்தது.

கழற்றுகிற வேலை. இந்த வண்டியில் கி.பா.வை உள்ளேயிருந்தே எடுக்கலாம். இருக்கைகளை எடுத்து, நடுவில் முதுகுபோல் இருக்கும் தகரக் கூட்டையும் எடுத்துவிட்டால் ஆள் உட்கார்ந்து கழற்றலாம். நல்ல வேளை, வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை.

இவர் முக்காலியில் உட்கார்ந்து கம்பால் காட்டுவார். அவர் வலது கை ஒரு ஸ்பேனரைப் பிடிக்கும், இன்னொரு ஸ்பேனரை நான். சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டை. கழற்றின நட்டெல்லாம் டின்பால் பேணிகளில், எது எங்கேயிருந்து வந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதி.

"இடது பக்கத்து நட்ட பிடி," என்றார். பிடித்தேன்.

"அது இல்ல. வண்டியோட இடது."

"யார் இடதுன்னு நீங்கதானே சொல்லணும்?"

பிறகு அரை மணி நேரம் கம்பால் மட்டும் காட்டினார். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். மனசு முழுக்க அதுவே.

பழைய கி.பா. வெளியே. கறுத்த எண்ணெய் தரையெல்லாம். மரத்தூள் போட்டேன். நகத்துக்குள் போனது சோப்புக்குப் போகவில்லை. பெருநாள் கவுன் துணியோ வெள்ளை. நாளைக்கு எப்படித் தொடுவது?

ஜூலை 11, ஞாயிறு

அண்ணன் தெமோதரையிலிருந்து காலை ரயிலில் வந்தார். அங்கே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கையில் தோட்டத்துக் காய்கறி, இரண்டு கோவா, ஒரு பை கரட்.

கராஜை எட்டிப் பார்த்தார். பேணிகள், தகரம், நடுவில் வாயைப் பிளந்த வண்டி. உள்ளே வந்து உட்கார்ந்து, இவர் காதுபடவே ஆரம்பித்தார்.

"இந்த வண்டிய யாருக்காச்சும் குடுத்துட்டு அங்க வந்துருங்க மச்சான். லயத்துல ஒரு காம்பரா, ஒத்த ரூமுதான், காலியா இருக்கு. தொரைகிட்ட பேசிட்டேன். தங்கச்சி தச்சுக்கிட்டு இருக்கட்டும், நீங்க சும்மா இருங்க. யாரு என்ன கேக்கப் போறா?"

இவர் எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். போனதும் அரத்தால் எதையோ ராவுகிற சத்தம். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டும் அது நிற்கவில்லை.

வாசலில் வைத்து அண்ணன் மெதுவாக: "ஓட்ட மட்டும் விட்டுறாத தங்கச்சி."

நேராகப் போகிற கதையை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் சாவியை அவர் தெமோதரைக்கே கொண்டுபோயிருப்பார். பிறகு இவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்? அண்ணன் நல்ல மனிதர். "சும்மா இருங்க" என்றதும் நல்ல மனதோடுதான். எனக்குத்தான் காது கூசியது.

கோவா ஒன்றின் இலைகளைப் பிரித்தால் புழு.

ஜூலை 13, செவ்வாய்

இன்று என் வேலை.

இங்கிலீஷ் எஞ்சினின் வாயும் ஜப்பான் கி.பா.வின் வாயும் பொருந்தாது. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்று வர வேண்டும். ஒரு பக்கத்துத் துளைகள் எஞ்சினுக்கு, மறு பக்கத்துத் துளைகள் கி.பா.வுக்கு. லேத்துக் கடையில் வெட்டித் தருவார்கள், ஆனால் காகிதத்தில் அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கோடு போட முடியுமா? இவர் இரண்டு தடவை முயன்று காகிதத்தைக் கிழித்தார்.

"தள்ளுங்க," என்றேன்.

பழுப்புக் காகிதம், பென்சில், கத்தரிக்கோல். வாயின் மேல் காகிதத்தை வைத்து விரலால் அழுத்தினால் துளை இருக்கிற இடமெல்லாம் எண்ணெய் பட்டுத் தெரிந்தது. ஒரு பாதியை நன்றாக எடுத்தேன். நடுவில் மடித்து, இரண்டு பாதியையும் சேர்த்து வெட்டினேன். ரவிக்கையின் முதுகை அப்படித்தானே வெட்டுவது! பிரித்தபோது எவ்வளவு அழகு. எனக்கே பெருமை.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். லேத் பாஸ் சிங்களவர், பகிடிக்காரர். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நோனா, இது யாருக்கு பிளவுஸ்?"

வாழைப்பழம் வாங்கினேன். வீடு வரும்வரை எனக்குள் சிரிப்பு.

ஜூலை 15, வியாழன்

தகடு வந்தது. பொருந்தவில்லை.

வலது பக்கம் எல்லாத் துளையும் சரி. இடது பக்கம் ஒன்றுகூடச் சேரவில்லை. இவர் தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். நல்ல இரும்பு, வீண்.

"மடிச்சு வெட்டினியா?"

"ஆமா. ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே?"

"கியர்பாக்ஸுக்கு எங்கடி ரெண்டு பக்கமும் ஒண்ணு? மனுசனுக்குத்தான்..."

நிறுத்திவிட்டார். மடியில் கிடந்த தன் இடது கையைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தகட்டையே பார்த்தேன்.

"மனுசனுக்கும் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். நானும் சிரித்தேன். எனக்கு அழுகையும் வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுபடி அச்சு எடுத்தாயிற்று. மடிக்காமல். லேத் பாஸ் என்ன சொல்லப்போகிறாரோ?

கவுன் ஒன்று முடிந்தது.

ஜூலை 17, சனி

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி எடுக்கிற வேலை வேண்டாம் என்றேன். "வண்டியும் பழசு, கியர்பாக்ஸும் பழசு, நானும் பழசு. புதுசா எடுத்தாத்தானே ஆடி?" என்கிறார். பேச்சு வந்துவிட்டது, வாயை மூட முடியாது இனி.

புதுத் தகடு அச்சாகப் பொருந்தியது. பின் சக்கரத்துக்குப் போகிற புரொப்பலர் சாஃப்டைக் கொஞ்சம் குறைத்து லேத்துக் கடையிலிருந்து கொடுத்தனுப்பினார்கள்.

கி.பா.வைத் தூக்கிவைக்க ஆள் வேண்டும். நானா கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் இறங்கினார். அவர் உடம்புக்கு அந்த இடம் போதவில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் வலது கையால் முனையைப் பிடித்து வழிகாட்டினார். எத்தனை தடவை தள்ளியும் கி.பா.வின் தண்டு எஞ்சினுக்குள் போகவில்லை. நானாவுக்கு மூச்சு வாங்கியது.

"தள்ளாதீங்க நானா. சரசு, பின்னால இருக்கிறத லேசா திருப்பு. லேசா. இன்னும்."

ஊசிக் கண்ணில் நூல் போகிற மாதிரி போய்விட்டது. சத்தமே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நானா அப்படியே சாய்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினேன். நீட்டின பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"பரவால்ல தங்கச்சி. வாசம் போதும்," என்றார்.

புதுக் கியர்க் கம்பு ஒரு சாண் பின்னுக்கு வருகிறது. தகரத்தை வெட்ட வேண்டும். வேகம் காட்டுகிற மீட்டரின் கேபிள் இதற்குச் சேராது, ஆக மீட்டர் செத்தது. காது சொல்லும் என்கிறார்.

ஜூலை 20, செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம்.

சாவியைக் கேட்டார். "லாச்சியில இருக்கிறத எடு," என்றார். எங்கே இருக்கிறது என்று இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறார்.

கொடுத்தேன். முற்றத்துக்குள் மட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் எழுந்தன. இடது கால் கிளச்சை மிதித்தது. வலது கையால் இடது கையைத் தூக்கிக் கம்பின் மேல் வைத்தார். விரல்கள் மூடின. முதல் கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது.

மதிலுக்குக் கிட்டப் போனதும் வண்டியைத் திருப்ப வேண்டும். இடது கை கம்பை விடவில்லை. இழுக்கிறார், வரவில்லை. உடம்பெல்லாம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்ப முடியாமல், மதிலுக்கு முன்னால் பிரேக்கைப் போட்டு நின்றார். எஞ்சின் அணைந்தது.

நான் போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். சுண்டு விரல் கடைசி.

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 21, புதன்

சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தேன், ஆறிப்போனது. சாவி வண்டியிலேயே இருந்தது. எடுக்கலாமா என்று நினைத்து எடுக்கவில்லை. ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

பின்னேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். இத்தனை மாதமாகத் தொண்டையில் கிடந்தது.

"அந்த வண்டிய எதுக்குச் செஞ்சீங்க? ஓட்டவா? நேரா போகவா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"தெரியல சரசு," என்றார். "உண்மையா தெரியல. ஒரு நாள் இது, ஒரு நாள் அது."

இல்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். கோபம் கோபமாக வந்தது. மெஷினில் உட்கார்ந்து கவுனின் கையைப் புறம் மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன். மனிதர் என்னை என்ன செய்யச் சொல்கிறார்?

ஜூலை 22, வியாழன்

காலையில் வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். முகம் கழுவியிருந்தார். சட்டைப் பொத்தானை அவரே போட்டிருந்தார், ஒன்று மாறி.

"இடது சீட்டுல நீ உக்காந்தா, ஒன் வலது கை சும்மாதானே இருக்கும்?"

புரியவில்லை.

"கம்பு ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் கிளச்ச மிதிச்சுச் சொல்றேன், நீ போடு. கால் என்னுது, கை ஒன்னுது. இந்தக் கை கம்புல மாட்டாட்டி, ஸ்டியரிங்குக்கு எனக்கு ஒரு கை போதும், விட்டு விட்டுப் பிடிச்சுத் திருப்பிருவேன்."

பைத்தியமா என்றேன். மடுல்சீமை ஒரு தடவை ஏறினால் போதும் என்கிறார். மடுல்சீமை! அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் என்று எனக்குத் தெரியாதா?

நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நேராகப் போகமாட்டார். அப்படியே போனால் நானும் போகிறேன். இவர் இல்லாமல் தெமோதரையில் காம்பரா எடுத்துத் தைத்துக்கொண்டிருப்பதைவிட அது ஒன்றும் மோசமில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 23, வெள்ளி

பெருநாள். நானாவின் பிள்ளைகள் நான் தைத்த கவுன்களில் வந்தார்கள். வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். சின்னவளுக்கு இடுப்பு கொஞ்சம் தொளதொள. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று சமாளித்தேன்.

பின்னேரம் பாடம். எஞ்சின் போடாமல்.

மேலே தள்ளினால் ஒன்று. கீழே இழுத்தால் இரண்டு. நடுவுக்கு வந்து மேலே மூன்று, கீழே நான்கு. அவர் பக்கத்து ஓரத்தில் மேலே ஐந்து. அதே ஓரத்தில் கீழே, பின்னுக்குப் போகிற கியர். அதற்கு "பின்" என்று பெயர் வைத்தோம். அவர் இரண்டு தடவை சொன்னால் ஒழிய அங்கே என் கை போகக் கூடாது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. டொப்."

"டொப் எது?"

"நாலு."

"அஞ்சு இருக்கும்போது நாலு எப்படி டொப்?"

கொஞ்சம் யோசித்தார். வாழ்நாள் முழுக்க நாலாவதைத்தான் டொப் என்று சொல்லியிருக்கிறார்.

"சரி, இப்ப அஞ்சுதான் டொப். நான் நம்பர்லயே சொல்றேன்."

பிறகு எஞ்சினைப் போட்டு முற்றத்தில். அவர் கால் முந்தும், என் கை பிந்தும். என் கை முந்தினால் கி.பா. அலறும். தையல் மெஷினில் காலும் கையும் என்னுடையவை, பழக்கம். இதில் கால் அவருடையது. இருட்டுவதற்குள் ஒரு மாதிரி பிடிபட்டது.

ரோட்டில் சந்தி வரை போய் வந்தோம். பஸ் நிற்கிற இடத்தில் ஒருத்தன் கத்தினான்: "பாஸ், அக்காகிட்ட லைசன் இருக்கா?"

"பாதி இருக்கு," என்றார் இவர்.

ஜூலை 25, ஞாயிறு

எழுத்து கோணல். ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையில் பனி. போர்வை, தண்ணீர்ப் போத்தல், ரொட்டி எடுத்துக்கொண்டேன். கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லி விபூதி வாங்கிக்கொண்டேன். நேற்று முழுக்க வீட்டைக் கூட்டி, பாத்திரம் கழுவி, பெட்டியை ஒழுங்குபண்ணி வைத்தேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை.

பசறை வரை சுலபம். அதைத் தாண்டி மடுல்சீமை ரோட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் தேயிலை. ஞாயிறு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லை, கொழுந்துக்காரப் பெண்கள் ஒருவரும் இல்லை. கடைக்கு இறங்கி வந்த இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் கையை உயர்த்தினார்: "ஏய், நம்ம பழைய தொரை வண்டி! மாணிக்கண்ணே!" இவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை ஆட்டினார். நான் கத்தின கத்தலில் கை உடனே திரும்பி வந்தது.

"மூணு. ரெண்டு. மூணு."

முதல் கொண்டை ஊசி வளைவு.

"ஒண்ணு!"

ஒரே மிதி. தள்ளினேன். விழுந்தது. வண்டி நிற்காமல் வளைந்து ஏறியது. "போயிருச்சு சரசு," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் வலது கையைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது திருப்புமா என்று பார்த்தேன். திருப்பியது. அடுத்ததிலும் திருப்பியது. ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

அப்புறம் வளைவு இல்லாத நீண்ட ஏற்றம். ஒரு பக்கம் மண் மேடு, இந்தப் பக்கம், என் பக்கம், பள்ளம். ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள். வண்டி நன்றாக இழுத்தது. அவருக்குச் சந்தோஷம் போலிருக்கிறது, பழைய வாய் வந்துவிட்டது.

"டொப்!"

நான் ஐந்தைப் போட்டேன். அவர் சொல்லிக்கொடுத்ததுதானே?

வண்டி குலுங்கியது. எஞ்சின் திணறியது, காய்ச்சல்காரன் மாதிரி உதறியது.

"கீழ! கீழ போடு!"

சின்னக் கியருக்கு இறக்கச் சொல்லியிருக்கிறார். நான் கம்பைக் கீழே இழுத்தேன். ஐந்துக்கு நேர் கீழே இருப்பது பின். இரும்பைக் கடிக்கிற சத்தம். அவர் இடது கால் கிளச்சிலிருந்து நழுவிவிட்டது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. அப்புறம் பின்னால் உருளத் தொடங்கினோம்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கல் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் தேயிலையின் தலைகள், கீழே, மிகக் கீழே.

எனக்குக் கத்த வரவில்லை. "சரி, இதுதான்" என்று தோன்றியது. அவரைப் பார்த்தேன்.

அவர் முகத்தை இதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை. கண் பிதுங்கி, வாய் கோணி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, அந்தச் சரிவில் பிடிக்காத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு சீட்டிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். "ஐயோ, ஹேண்ட்பிரேக்! சரசு, ஹேண்ட்பிரேக்க இழு! இழுடி! முருகா! இழு!" கூரையில் தலை இடித்தது. இடது கையையும் தூக்கப் பார்த்தார், வராத அந்தக் கையையும்.

இரண்டு கையாலும் இழுத்தேன். நின்றது. பின் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் என் கைப்பை வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

இறங்கிக் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு அணை கொடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் போய் அவரை இறக்கினேன். மண் மேட்டில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில்.

"பயந்துட்டேன் சரசு," என்றார். பல் கிட்டியது. "ரொம்பப் பயந்துட்டேன். செத்துருவோம்னு நெனச்சேன். ஐயோ, செத்துருவோம்னே நெனச்சேன்."

அவ்வளவுதான். அந்த ரோட்டோரத்தில், புழுதியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். விம்மி விம்மி அழுதேன். பொங்கலிலிருந்து அழாததெல்லாம் சேர்த்து.

இவர் பதறிப்போனார். நொண்டி எழுந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். என் தோளில் கையை வைத்தார்.

"அழுவாதடி. வண்டிக்கு ஒண்ணும் ஆகல."